ஐந்து மணி இருட்டு

போர்ட் பிளேயரில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கடிகாரம் டில்லியைப் பார்த்து ஓடுகிறது, சூரியன் பர்மாவைப் பார்த்து உதிக்கிறது; நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். சாயங்காலக் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வாசலில் ராத்திரி வந்து நிற்கும். ஆபீஸும் கடையும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மெயின்லேண்டில் எப்போது பூட்டுகிறார்களோ அப்போதுதான் இங்கேயும் பூட்டுவார்கள். பள்ளிக்கூடம் மட்டும் மதியச் சோற்று வேளைக்கே மணியடித்துப் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுகிறது. அந்த மதியத்துக்கும் இந்த இருட்டுக்கும் நடுவில் பிள்ளையை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் லம்பா லைனிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தலைவலி.

பவானிக்கு அந்தத் தலைவலி கொஞ்சம் கூடுதல். அபர்தீன் பஜாரில், தீவுகளுக்குப் போகிற தனியார் படகுகளுக்கு டிக்கெட் போடும் கடையில் அவள் கவுண்டரில் உட்காருகிறாள். புருஷன் வினோத் ஹட் பேயில் பவர் ஹவுஸ் மெக்கானிக். கப்பலில் இடம் கிடைத்தால் வருவான், கடல் விட்டால் வருவான். இரண்டு பேர் குடும்பமும் வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலேற்றிய காலத்திலேயே இங்கே வந்து சேர்ந்தவைதான். ஆனால் சொந்தபந்தம் எல்லாம் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட லம்பா லைனில் ஒருத்தரும் இல்லை. ஒரே மகள் சங்கவி ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

நடை பழகிய நாளிலிருந்து சங்கவி செல்வம்மாள் வீட்டில்தான் வளர்ந்தாள். செல்வம்மாள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவள் புருஷன் இருதயநாதன் ஜங்லிகாட்டில் டிங்கி வைத்து மீன் பிடிக்கிறவர். தன் பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதுவே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. சர்ச் சந்தில் தகரக் கூரை வீடு. பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சோறும் காரம் குறைத்த மீன் குழம்பும் போட்டு, முள்ளை அவளே பார்த்து எடுத்து வைப்பாள். சாப்பிட்டதும் பாயை விரித்து வரிசையாகப் படுக்கப் போடுவாள். தூங்காமல் கிசுகிசுப்பவன் தொடையில் ஒரு தட்டு விழும். எழுந்ததும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும். இருட்டிவிட்டால் வாசல் பல்பைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். பிள்ளைகள் வாசற்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, மேட்டிலிருந்து இறங்குகிற ஸ்கூட்டர் வெளிச்சம் யாருடைய அம்மா என்று பந்தயம் கட்டுவார்கள்.

இந்த வருஷம் கோல்கரில் ஒரு மாடியில் பள்ளிவிட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சென்டர் வந்தது. நம் ஜனங்கள் போய் விசாரித்த அழகைச் சொல்ல வேண்டும். ஏசி உண்டா என்று கேட்டார்கள். அபாகஸ் உண்டா, இங்கிலீஷ் உச்சரிப்புச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஹிந்தியிலும் தமிழிலும் பேசினால் கண்டிப்பீர்களா என்று கேட்டு, கண்டிப்போம் என்று மிஸ் சொன்னதும் நிம்மதியாகப் பெயர் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்கள்கூட அது ஸ்பூனில் சாப்பிடுகிற சாப்பாடா என்றுதான் கேட்டார்கள். செல்வம்மாளிடம் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு அங்கே. மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்கு நல்லதாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படி நினைத்திருப்பேன், எனக்கும் அந்த வயதில் பிள்ளை இருந்திருந்தால்.

வினோத் போனில் கேட்டான், செல்வம்மாக்காவிடம் என்ன குறைச்சல் என்று. இங்கிலீஷ் வராது என்றாள் பவானி. அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. மழைக்காலத்தில் சங்கவிக்குக் காய்ச்சல் கண்டது. பவானி லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே "செல்லம்மா, தண்ணி" என்று கேட்டது. அம்மா என்று கேட்கவில்லை. பவானி தண்ணீர் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பெற்றவள் வயிறு எரிந்தது. அதை யாரிடம் சொல்வது? அபாகஸ் என்றால் எல்லோருக்கும் புரியும்.

அவள் கட்டிய பணம் உண்மையில் கேமராவுக்குத்தான், மற்றதெல்லாம் கொசுறு. சென்டர் ஹாலில் கேமரா வைத்து, பெற்றவர்கள் போனிலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். படம் மட்டும் வரும், சத்தம் வராது. செல்வம்மாள் வீட்டில் பிள்ளை என்ன செய்கிறது என்பது இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது. இப்போது கவுண்டருக்குக் கீழே மடியில் போனை வைத்துக்கொண்டு, ஹேவ்லாக்குக்கு நான்கு டிக்கெட் அடித்துக்கொண்டே தன் மகள் பென்சில் சீவுவதைப் பார்த்தாள். மத்தியானம் ஒரு தடவை மிஸ் பிள்ளைகளைக் கேமரா முன்னால் நிறுத்திக் கையாட்ட வைப்பாள். பவானியும் கவுண்டருக்குக் கீழே கையாட்டுவாள். பக்கத்து சீட்டு மரகதம், யாருக்குடி டாட்டா காட்டுகிறாய், கஸ்டமர் ஓடிவிடப் போகிறான் என்று கேலி செய்வாள்.

சென்டரை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். பவானி கடையிலிருந்து கிளம்பவே ஆறாகும். அதனால் விஜயன் என்கிற மலையாளியின் வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியாக லம்பா லைன் ரோட்டு முனைக்கு வரும். பவானி ஸ்கூட்டரோடு அங்கே நிற்பாள். சேர்த்த நாளைத் தவிர அவள் அந்த மாடிக்கு ஏறியதில்லை. செல்வம்மாளிடம் நேரில் போய்ச் சொல்லவும் அவளுக்கு முகமில்லை. ஒரு கும்பிடு படம் போட்டு, நாளையிலிருந்து சங்கவி வர மாட்டாள் என்று மெசேஜ் அனுப்பினாள். அவள் போன பிறகு மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் காலையிலேயே வானம் சரியில்லை. வங்கக்கடலில் புயல் சின்னம் என்று துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். படகுகள் எல்லாம் ரத்து. ஹட் பே கப்பலும் இல்லை என்றதால், அன்றைக்கு வர வேண்டிய வினோத்தும் அங்கேயே நின்றுவிட்டான். மதியத்துக்கு மேல் கடைக்குள் நிற்க இடமில்லை. ஹனிமூன் வந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், நீல் தீவுக்குத் திரும்ப வேண்டிய காய்கறி வியாபாரிகள் எல்லோரும் ஈரக் குடையோடு கவுண்டரில் சாய்ந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முதலாளி ஆறுமுகம் ஒரு பழைய ரசீது புத்தகத்தை எடுத்துப் போட்டு, கையால் எழுதிக் கொடுங்கள், நெட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கரண்டும் போய், ஜெனரேட்டர் புகை கடைக்குள் வந்து எல்லோரும் இருமினார்கள்.

நெட் இல்லை சார், நெட் வரட்டும் மேடம், நெட் பந்த் ஹை பாய் என்று பவானி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடு நடுவே மடியைக் குனிந்து பார்த்தாள். சங்கவி சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னல். இன்னொரு ரசீது எழுதிவிட்டுப் பார்த்தாள், அப்படியே இருந்தாள். இன்றைக்கு எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள், சென்டர் நல்லதுதான் செய்கிறது என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் பவானிக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஊருக்கெல்லாம் நெட் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அதே நெட்தான் தன் மடியில் இருக்கிற போனுக்கும் என்பது உறைக்கவே இல்லை. தாய் மனசு இப்படித்தான், பார்க்க ஆசைப்பட்டது கண்ணில் பட்டால் வேறொன்றும் கேட்காது.

கூட்டம் கொஞ்சம் கலைந்தபோது மரகதம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அண்ணாந்து குடிக்கும்போது பவானியின் கண் கடையின் கண்ணாடிக் கதவில் விழுந்தது. வெளியே கன்னங்கரேல் என்று இருந்தது. ஆட்டோக்கள் முகப்பு விளக்கோடு மழையில் ஊர்ந்து போயின. அவள் பாட்டிலை வைத்துவிட்டு மடியைப் பார்த்தாள். சங்கவிக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் பளிச்சென்று வெயில் அடித்தது.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. காலையிலிருந்து மூடிக் கிடந்த வானம் பள்ளிவிட்டுப் பிள்ளைகள் சென்டருக்கு வந்த நேரத்தில்தான் சற்று வெளித்து வெயில் காட்டியது. அந்த வெயில் அது. அப்போதே நின்றுபோன படத்தைத்தான் அவள் இவ்வளவு நேரமும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். சென்டருக்குப் போன் போட்டாள், போகவில்லை. விஜயனுக்குப் போட்டாள், போகவில்லை. மரகதத்தின் போனிலிருந்து போட்டாள், அதிலும் இல்லை.

ஆறுமுகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பவானி காதில் வாங்காமல் ரெயின்கோட்டை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மரகதம் பின்னாலிருந்து கத்தினாள்.

கோல்கர் மாடியில் விளக்கில்லை. கீழே கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, மழை பிடித்ததுமே மூடிவிட்டார்கள் என்று ஹிந்தியில் சொன்னான். எல்லோருக்கும் மெசேஜ் போட்டாயிற்றாம், வந்து அழைத்துக்கொள்ளாத பிள்ளைகளை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியாயிற்றாம். எந்த மெசேஜ்? அது எந்த டவரில் மாட்டிக்கொண்டு நிற்கிறதோ. பவானி ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஏர்போர்ட் ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. வண்டி இருமி இருமி நின்றது, மறுபடி கிளம்பியது.

ரோட்டு முனையில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு ஏறினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. வாசலில் செருப்பு இல்லை, பை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு டிக்லிபூர் போயிருந்தார்கள். "சங்கவி" என்று கூப்பிட்டாள். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற நாலா ஓடையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு கீழே கடலுக்கு ஓடியது. அதில் ஒரு தேங்காய் மட்டை போயிற்று.  என் பிள்ளையை நானே காசு கொடுத்துத் தொலைத்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

சரிவில் இறங்கி ஓடியபோது கீழே, சந்துக்குள் ஒரு வேன் டயர் புதைந்து நின்றது. விஜயன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டயருக்குக் கீழே கல்லைத் திணித்துக்கொண்டிருந்தான். பவானி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"சங்கவி கஹான்?"

விஜயன் பயந்துபோய், வீட்டில்தான் விட்டேன் என்றான். எந்த வீட்டில், என் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பவானி கத்தினாள். ரோட்டு முனையில் நீங்கள் இல்லை, வீடு எங்கே, கர் கிதர் என்று பிள்ளையிடமே கேட்டேன், அதுவே வழி சொன்னது, சர்ச் சந்தில் கொண்டுபோய் ஒரு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன், திரும்பும்போதுதான் வண்டி இங்கே மாட்டிக்கொண்டது என்று அவன் பாதி ஹிந்தியிலும் பாதி மலையாளத்திலும் சொன்னான். பவானி அவன் சட்டையை விட்டாள். மன்னிப்புக் கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

செல்வம்மாள் வீட்டில் எமர்ஜென்ஸி லைட் எரிந்தது. சங்கவி யாருடையதோ பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். செல்வம்மாள் பின்னால் உட்கார்ந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு தட்டில் கஞ்சியும் சுட்ட கருவாடும். பவானி நேராக உள்ளே போய்ப் பிள்ளையின் முதுகில் பளார் என்று ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை, அம்மாதான் அழுதாள்.

"அடிக்காத பிள்ள" என்றாள் செல்வம்மாள். "பச்ச மண்ணு அது. என்ன தப்பு செஞ்சுது?"

இருதயநாதன் பவானிக்குத் தகவல் சொல்ல அப்போதே மழையில் பஜாருக்குப் போயிருந்தார். இவள் கோல்கர் பக்கம் சுற்றிக்கொண்டு வந்ததால் இருவரும் வழியில் பார்த்துக்கொள்ளவில்லை. போன் எதுவும் போகவில்லை, ஆளைத்தான் அனுப்ப முடிந்தது என்றாள் செல்வம்மாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை மட்டும் பவானியின் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி பிள்ளையின் தலையைத் துவட்டினாள்.

பவானிக்குப் பயம் வடிய வடிய, அதன் அடியில் கிடந்த பழைய எரிச்சல் மேலே வந்தது. அவளால் அடக்க முடியவில்லை.

"வேன்காரன் வீடு எதுன்னு கேட்டா இவ இங்க கூட்டிட்டு வந்திருக்கா அக்கா. மத்லப், அப்படின்னா இதுதான் இவளுக்கு வீடு. நான் யாரு, ஸ்கூட்டர் ஓட்டுறவ."

செல்வம்மாள் துவட்டுவதை நிறுத்தினாள்.

"நீ அப்படியா நெனச்ச? இவ்வளவு நாளும் அதையா மனசுல வச்சிட்டு இருந்த?" என்றாள். "அந்த டிரைவர் எங்கிட்டயும் கேட்டான், இது இந்தப் பிள்ள வீடான்னு. நான் இல்லன்னு சொல்லுததுக்குள்ள இவதான் சொன்னா. என்ன சொன்ன, அம்மாட்ட சொல்லு."

சங்கவி கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா ஆனேவாலா கர்."

"கேட்டியா? அம்மா வார வீடாம்" என்றாள் செல்வம்மாள். "நம்ம வீட்ல பூட்டுதான இருக்கும் செல்லம்மா, இங்கதான் அம்மா வருவாங்கன்னு சொல்லுதா. தலை துவட்ட விடல. வாசல்லயே நின்னா. வார வெளிச்சம் எல்லாத்தையும் உன் வண்டின்னே சொன்னா. இந்தப் படியில ஒக்காந்து இவ யாரப் பாத்துட்டு இருந்தான்னு நெனச்ச, என்னையா? நான் உள்ள ஜெபம் சொல்லிட்டு இருப்பேன்."

பவானி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் ஓடிப் பாயை நனைத்தது. காய்ச்சலில் பிள்ளை தண்ணீர் கேட்டதும், குழாயைத் திறந்துவிட்டுத் தான் அழுததும் எல்லாம் இப்போது வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை நேரில் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவள நாளைலேர்ந்து திரும்ப இங்கயே விட்றேன். அங்க கட்டுற அதே பணம் உங்களுக்குத் தர்றேன்."

 செல்வம்மாள் எழுந்து போய்க் கஞ்சிப் பானையை மூடிவிட்டு வந்தாள்.

"ஒண்ணாந்தேதி ஏர்போட்டுல கிளீனிங் வேலைக்குச் சேருதேன் பிள்ள. பாஸுக்குப் போட்டோவும் குடுத்தாச்சு. நீ போன, பின்னால எல்லாரும் போனாங்க. வெறும் வீட்ட வச்சிட்டு நான் என்ன செய்ய? அவரு கடலுக்கே போவாம பத்து நாளாவுது." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "பணத்துக்காகச் சொல்லல. நீ அன்னைக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்புன பாரு, அதப் பாத்துட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. நாளைக்கு இன்னொண்ணு பெருசா தொறப்பான், நீயும் போவ. தப்புன்னு சொல்லல. பிள்ளைக்கு நல்லதுன்னு நீங்க நெனக்கத்தான செய்வீங்க. என்னால திரும்பத் திரும்ப விட்டுட்டு இருக்க முடியாது."

பவானி கெஞ்சிப் பார்த்தாள். லீவு நாளில் வேண்டுமானால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, சோறு போடுகிறேன், வேலை நாளில் முடியாது என்று செல்வம்மாள் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் பேசிக்கொண்டே சங்கவியின் ஈர யூனிபாரத்தைப் பிழிந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்துப் போட்டுக் கொடுத்தாள்.

மழை சற்று விட்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து பவானி மகளுக்குச் செருப்பு மாட்டினாள். நாளைக்கு யாரிடம் விடுவது என்று யோசித்துப் பார்த்தாள். அந்த மாடியைத் தவிர வேறு இடமில்லை. வேலையை விட்டால் வீட்டுக் கடனுக்கு வினோத்தின் சம்பளம் போதாது. அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நெட் வந்துவிடும், சென்டர் திறந்துவிடும் என்று பொதுவாக ஏதோ சொன்னாள்.

"அங்க நீ வருவியா?" என்று கேட்டாள் சங்கவி.

"வேன் வரும்ல பேட்டா. நான் ரோட்டு முனைல நிப்பேன்ல."

"வேன் இல்ல. நீ. மேல." சங்கவி அம்மாவின் ஈரத் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "மிஸ் டெய்லி சொல்வாங்க, மம்மி கேமராக்குள்ள வந்துட்டாங்க, பை சொல்லுன்னு. இன்னைக்கு மழை வந்துச்சுல்ல, இடி இடிச்சுதுல்ல. எல்லாரும் அழுதாங்க. நான் சேர் போட்டு ஏறி கேமராகிட்டப் போய் அம்மா வா, அம்மா வான்னு கூப்பிட்டேன். மிஸ் எறக்கி விட்டாங்க. நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லிவிடத்தான் பவானி வாயைத் திறந்தாள். சிவப்பு நாற்காலியில், மேஜைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்த பிள்ளை கண்ணுக்கு முன்னால் வந்தது. உள்ளே செல்வம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

"இல்ல பேட்டா" என்றாள். "அம்மா பாக்கல."

 சங்கவி, அம்மாவுக்குத் தைரியம் சொல்கிறவளைப் போல அவள் தோளில் தட்டினாள்.

"பரவால்ல" என்றாள். "நாளைக்கு இன்னும் சத்தமா கூப்பிடுறேன்."